பெலும் குகைக்குப் போகவிருக்கும் ஓர் ஆசிரியைக்கு

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெலும் குகைக்கு அழைத்துப் போவதா, செலவு கூடினாலும் விசாகப்பட்டினம் வழியாகப் போரா குகைக்கே போய்விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு பள்ளி ஆசிரியர்களும் கேட்பதால், உங்களுக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். என் பதில் பெலும்தான். ஆனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லாமல் போனால், அந்தப் பயணம் புழுக்கமான சந்துகளில் ஒரு மணி நேரம் நடந்து திரும்பியதாகவே முடிந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

போரா அழகானது; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தக் குகையில், உயர்ந்த கூடங்களும் தரையிலிருந்து எழும் பருத்த கல்முளைகளும் நுழைந்தவுடனேயே கண்ணை நிறைத்துவிடும். பெலும் அப்படி நிறைக்காது. ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில், கொலிமிகுண்ட்லாவுக்கு அருகே, மலையே இல்லாத சமவெளியில், விளைநிலங்களுக்கு நடுவே கிணறுபோல் வாய் திறந்திருக்கும் பள்ளத்தின் வழியாகத்தான் அதற்குள் இறங்க வேண்டும். அளக்கப்பட்ட நீளம் 3,229 மீட்டர். அதில் ஒரு பகுதிக்கு மட்டுமே பார்வையாளர்களுக்குப் பாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள். போராவில் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் நீர் சொட்டிச் சொட்டி வைத்துவிட்டுப் போனவை. பெலுமில் பார்க்கக் கிடைப்பது நீர் எடுத்துக்கொண்டு போன இடம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாவதைக் காட்டுவதுதான் கடினம், அதனால்தான் அதற்கு ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இதற்கான முதல் பாடத்தைப் பேருந்து ஏறும் முன்பே நடத்திவிடலாம். நம் வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போட்டிருக்கும் கடப்பா கல், பெலும் குகை குடையப்பட்டிருக்கும் அதே கடப்பா படுகையின், அதாவது பழங்காலக் கடலடியில் படிவுகள் சேர்ந்து உருவான பாறைப் பகுதியின், சுண்ணாம்புக்கல்தான். உடைந்த கடப்பா கல் துண்டு ஒன்றை, பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வைத்து, அதன் மேல் எலுமிச்சைச் சாற்றை நான்கு சொட்டு விட்டு, சற்று நேரம் கழித்துத் துடைக்கச் சொல்லுங்கள். சாறு பட்ட இடம் மட்டும் பளபளப்பு இழந்து, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குச் சொரசொரப்பாகி, வெளிறிய வட்டமாக நிற்கும். எத்தனையோ இல்லத்தரசிகள் ஊறுகாய் போடும் நாளில் நொந்துகொள்ளும் அந்தத் தடம்தான், மிகச் சிறிய அளவில், பெலும் குகையின் தொடக்கம். மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயுவை மழைநீர் தன்னுள் வாங்கிக்கொண்டு, எலுமிச்சைச் சாற்றைவிடப் பல மடங்கு வலுக் குறைந்த கார்பானிக் அமிலமாகி, பாறையின் விரிசல்களில் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. அமிலம் மெலிந்ததுதான், ஆனால் அதற்குக் கிடைத்த காலம் நம் கணக்கில் அடங்காதது.

இந்தப் பாடத்தோடு உள்ளே இறங்கும் பிள்ளையிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கூரையிலிருந்து தொங்குவதைத் தேடாதே, சுவரைப் பார். பெலுமின் சுவர், ஏடுகளை அடுக்கி வைத்ததுபோல் கிடைமட்டமாகப் படிந்த கருஞ்சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அந்த அடுக்குகள் கடலடியில் படிந்து 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. பாதை சில இடங்களில் நேராக ஓடி, சட்டென்று திரும்பி, மறுபடி நேராக ஓடும். அது யாரோ வகுத்த வழி அல்ல, பாறையில் ஏற்கெனவே இருந்த விரிசல்களைப் பிடித்துக்கொண்டு நீர் நகர்ந்த வழி. சுவரின் விளிம்புகள் உளி பட்டவைபோல் கூராக இல்லாமல் உருண்டு வழவழப்பாக இருக்கும். ஒரு காலத்தில் இந்தச் சந்துகள் கூரை வரை நீரால் நிறைந்திருந்தன, நீர் எல்லாப் பக்கமும் கரைத்தது, பிறகு நிலத்தடி நீர்மட்டம் இறங்கிக் குகை வறண்டது என்று அந்த வழவழப்பைக் காட்டியே விளக்கிவிடலாம். சித்திராவதி ஆற்று நீர்தான் இதைக் குடைந்தது என்று அங்கே சொல்வார்கள். ஆற்றின் பெயரைவிட, நீர் வேலை செய்த விதம் பிள்ளைகள் மனத்தில் நிற்பதே முக்கியம் என்பேன்.

வழிகாட்டிகள் சிம்மத்துவாரம், கோடிலிங்கங்கள், படமெடுத்த ஆயிரம் பாம்புத் தலைகள், விழுது விட்ட ஆலமரம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் சொல்லி விளக்கைத் திருப்புவார்கள். அந்தப் பெயர்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊர் மக்கள் பாறையைக் கூர்ந்து பார்த்ததற்கு அவையே சான்று. ஆனால் பெயரைச் சொன்னவுடன் புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் வழக்கம் வருத்தம் தருகிறது. கோடிலிங்கங்கள் என்னும் கூடத்தில் பிள்ளைகளைச் சிறிது நேரம் நிறுத்தி, கரைத்துக்கொண்டு போன அதே நீர் ஏன் இங்கே திருப்பித் தந்தது என்று கேளுங்கள். சோடா புட்டியைத் திறந்தவுடன் வாயு வெளியேறுவதுபோல, விரிசல் வழியே வந்த நீர் குகையின் திறந்த வெளியை எட்டியதும் கரியமில வாயுவை இழக்கிறது. வாயு போனபின் அவ்வளவு சுண்ணாம்பையும் கரைந்த நிலையில் வைத்திருக்க அதனால் முடிவதில்லை. சொட்டு நிற்கும் இடத்தில் கல்விழுது, சொட்டு விழும் இடத்தில் கல்முளை. ஓர் அங்குலம் வளர்வதற்குப் பொதுவாக நூற்றாண்டுகள் ஆகும்.

இதனால்தான் அடுத்ததைச் சற்று அழுத்தமாகச் சொல்கிறேன். சப்தஸ்வர குகை என்று ஒரு பகுதி உண்டு. அங்குள்ள கல்விழுதுகளை விரல் முட்டியாலோ மரக்குச்சியாலோ தட்டினால் வெவ்வேறு ஒலி எழும், அதைக் கேட்கவே பலர் ஆவலோடு வருகிறார்கள். உங்கள் பிள்ளைகள் தட்ட வேண்டாம். ஒருவர் தட்டுவதால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான், ஆனால் அங்கே ஒருவர் மட்டும் வருவதில்லை. உடைந்த நுனி எந்தத் தலைமுறைக்கும் திரும்ப வளர்ந்து கிடைக்காது. உடையாவிட்டாலும், கையின் எண்ணெயும் வியர்வையும் படிந்த இடத்தில் நீர் ஒட்டாமல் நழுவி வளர்ச்சி நின்றுபோகும்.

இந்தக் குகை நமக்குக் கிடைத்த கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். 1884-ல் பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பெலுமைப் பற்றிக் குறிப்பு எழுதினார். அதன் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982 முதல் 1984 வரை டேனியல் கெபாவர் தலைமையிலான ஜெர்மானியக் குகை ஆய்வுக் குழுவினர்தான் உள்ளே சென்று முறையாக ஆராய்ந்தார்கள். அப்படியிருந்தும் 1988 வரை சுற்றுவட்டாரக் குப்பையெல்லாம் இந்தப் பள்ளங்களில்தான் கொட்டப்பட்டது. ஊர்க்காரர்கள் சிலரின் விடாமுயற்சியால் அது நின்று, 1999-ல் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று, 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அரசு பொறுப்பேற்பதற்கு முன் ஊர் மனிதர்களின் அக்கறை அங்கே இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபூட் நமக்கு அந்நியர் அல்லர். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்தவர் அவர்தான். பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். பெலும் இருக்கும் அதே சுண்ணாம்பு நாட்டில், பேத்தம்செர்லாவுக்கு அருகிலுள்ள பில்லாசுர்கம் குகைகளில் அவரும் அவருடைய மகன் ஹென்றியும் 1880-களில் அகழ்ந்தபோது, இன்று தென்னிந்தியாவில் எங்குமே இல்லாத காண்டாமிருகத்தின் எலும்புகள்கூடக் கிடைத்தன. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொல்பொருள்களை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. ஆகையால் ஆந்திரத்துக்குப் போவதற்கு முன் ஒருநாள் எழும்பூரிலுள்ள அந்த அருங்காட்சியகத்துக்குப் போய் வருவது நல்லது.

மறுநாளுக்குக் கண்டிக்கோட்டை போதும். பென்னாறு அங்கே வெட்டியிருக்கும் பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் அல்ல, கெட்டியான குவார்ட்சைட் என்னும் பாறை. அதில் நீர் கரைக்கவில்லை, மேலிருந்து கீழாக அறுத்திருக்கிறது. முதல் நாள் பார்த்ததோடு இதை ஒப்பிட்டு இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் அதைவிடச் சிறந்த பயிற்சி வேண்டியதில்லை. யாகண்டி கோயிலில் வற்றாத ஊற்றுநீர் நிறையும் திருக்குளமும் குகைச் சன்னதிகளும் உண்டு. நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. சென்னையிலிருந்து மும்பை வழித்தடத்தில் தாடிபத்ரியில் இறங்கினால் சுமார் 30 கிலோமீட்டர். மார்ச்சுக்குப் பிறகு ராயலசீமை வெயிலில் பிள்ளைகளை அலைக்கழிக்க வேண்டாம். பொங்கல் விடுமுறைக்குப் பிந்தைய வாரம் ஏற்றது. குகைக்குள் குளிராக இருக்கும் என்று எண்ணிக் கம்பளி கொண்டுவரச் சொல்லாதீர்கள். உள்ளே புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும், காற்றைச் செலுத்தும் ஏற்பாடு செய்திருந்தும் அப்படித்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்பே பேசிவிடுங்கள். தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாதாள கங்கை என்னும் நிலத்தடி நீரோடைக்குப் போகும் வழியில் நெரிசல் கூடாது. வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர் என்று அனுப்புங்கள். காத்திருக்கும் குழுவுக்கு வெளியே வேலை கொடுக்கலாம். சுற்றிலும் சிமென்டுக்காகவும் தளக்கற்களுக்காகவும் இதே பாறையை வெட்டி எடுக்கும் சுரங்கங்கள் இருக்கின்றன. இன்னும் யாரும் நுழையாத குகைகள் அந்தப் பாறைக்குள் இருந்தால் அவற்றின் கதி என்ன, வீடு கட்டக் கல்லும் வேண்டுமே, இரண்டுக்கும் எங்கே எல்லை வகுப்பது என்று அவர்களே விவாதிக்கட்டும்.

நாள் முடிவானதும் எழுதுங்கள். கடப்பா கல் துண்டுகள் எங்கள் தெருக் கல் கடையில் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஆளுக்கு ஒன்று வரும்படி வாங்கி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சக ஆசிரியன்