ஆறு மணி என்றால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள்: இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் புதிய சுவரொட்டி எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அதே இசையமைப்பாளர், அதே இசைக்குழு, சுற்றுப்பயணத்தின் அடுத்த நிகழ்ச்சி, திரும்பவும் யாழ்ப்பாணத்தில். கீழ் மூலையில் "மாலை 6.00 மணி" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற முறையும் ஆறு மணி என்று போட்டுவிட்டு எவ்வளவு பிந்தித் தொடங்கினீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் உங்களுக்கு இரண்டு தரம் எழுதினேன். முதலாவதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, "உங்கள் ஆதரவுக்கு நன்றி, அடுத்த நிகழ்ச்சியிலும் சந்திப்போம்" என்று ஒரு வரி வந்தது. நான் கேட்ட கேள்விக்கு அந்த வரியில் பதில் இல்லை. ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

இசையமைப்பாளரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். பிழை அவரில் இல்லை. அவருடைய வாத்தியக்காரர்கள் ஆறேகாலுக்கு முன்னமே மேடையில் இருந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். வயலின்காரர்கள் சுருதி சேர்த்தார்கள். புல்லாங்குழல்காரர் இரண்டு தரம் ஊதிப் பார்த்தார். அதற்குப் பிறகு வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அவர்களும் எங்களைப் போலவே காத்திருந்தார்கள்.

நாங்கள் பத்தொன்பது பேர். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டின ஊர்க்காரர். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளைகள் நாலு பேர், முன்பள்ளி ஆசிரியை ஒருவர், கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், மிச்சப்பேர் தோட்டமும் கடையும். பாட்டு ஒன்றுதான் எங்களைச் சேர்த்து வைத்தது. 2025 மார்ச் 8ஆம் திகதி இளையராஜா லண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் சிம்பொனியை அரங்கேற்றின இரவு எங்கள் குழுவில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. யாரோ கைத்தொலைபேசியில் எடுத்துப் போட்ட துண்டுகளைத் தேடித் தேடிக் கேட்டோம். பண்ணைப்புரத்தில் பிறந்த ஒரு மனிதர் 81 வயதில் அந்த மேடையில் நிற்கிறார் என்று முன்பள்ளி ரீச்சர் குரல் தழுதழுக்க ஒரு குரல்பதிவு போட்டார். நாங்கள் அப்படிப்பட்ட ஆக்கள்.

அதனால் உங்கள் முதல் அறிவித்தல் வந்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் எங்களுக்கு வேறு கதை இல்லை. எந்தப் பாட்டில் தொடங்குவார், எந்தப் பாடகர் வருவார், இடையிசையை முழுசாக வாசிப்பார்களா, பாதியில் வெட்டுவார்களா என்று ஒரே வாதம். கடலில் நின்றுகொண்டு வயலின் பகுதியை வாயால் பாடி அனுப்பினார் ஒரு தம்பி. பின்னால் அலைச் சத்தம். அந்தப் பதிவு இப்பவும் என்னிடம் இருக்கிறது.

ரிக்கற் வாங்கினதை நான் அதிகம் சொல்லவில்லை. இணையத்தில் மட்டும்தான் விற்றீர்கள், வங்கி அட்டை வேண்டும் என்றீர்கள். கனடாவிலிருக்கும் ஒருவரின் சகோதரி கட்டி விட்டார். ஆளுக்கு 5,000 ரூபாய், அதுதான் ஆகக் குறைந்தது. தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரு கிழமைச் சம்பளம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

எங்களுக்குள் மூத்தவர் ஒரு அக்கா. இந்த மடலை எழுத வைத்தது அவர்தான், அவர் கேட்காமலே.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பற்றறி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. கறுப்பில் வாங்கினால் யானை விலை, குதிரை விலை. தீர்ந்துபோன பற்றறியை வெயிலில் காய வைத்து இன்னொரு அரை மணித்தியாலம் இழுப்போம். அதுவும் முடிந்தால் சைக்கிள்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின்சில்லோடு முட்ட விட்டு, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ தருவது 6 வோல்ட், அதுவும் ஆடலோட்டம். பாட்டுக் கேட்கிற கசற் பெட்டிக்கு நேரோட்டம் வேண்டும் என்பதால், றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் நாலு டயோட்டை வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். கசற் போட்டால் சுற்றுகிற கை ஒரே சீராக இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் பாடகரின் குரல் இழுபடும், அவசரப்பட்டால் கீச்சிடும். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கைப்பக்குவம் இருந்தது அக்காவுக்கு மட்டும்தான். சுற்றியிருந்து நாங்கள் பாட்டுக் கேட்டோம். அவர் சுற்றினார். ஒரு பாட்டு முழுவதும் கையில் கவனமாக இருக்கிறவருக்குப் பாட்டு எங்கே கேட்கும்? "நான் அந்தப் பாட்டை ஒருநாளும் சும்மா இருந்து கேட்டதில்லை, பிள்ளை" என்று வானில் போகும்போது சொன்னார். பெட்டியும் கசற்றுகளும் 2009இல் போய்விட்டன. அந்த ஒரு பாட்டை, கையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டவரே முன்னால் நிற்கக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் வந்தார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகச் சுவரொட்டியிலிருந்த இலக்கத்துக்கு நான் எடுத்துக் கேட்டேன். "ஆறுக்குச் சரியாத் தொடங்கும் அக்கா, பத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் பேசிய தம்பி. அந்தச் சொல்லை நம்பித்தான் வானை இரவு பத்தரைக்குத் திரும்புவதாகப் பேசினோம். எங்கள் பக்கத்துக்கு அந்நேரம் பஸ் கிடையாது. பரந்தனில் திரும்பினால் முல்லைத்தீவு வரை வெளிச்சமில்லாத துண்டுகள் எத்தனையோ. மாடு படுத்திருக்கும், சில இடத்தில் யானையும் நிற்கும். வேகமாக ஓடேலாது. விடிய ஐந்தேகாலுக்குத் தொழிற்சாலை பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றும்.

ஆறு மணி ஏழானது. ஏழு எட்டானது. அனுசரணையாளர் ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குலுக்கல் நடந்தது. திரையில் ஒரே விளம்பரம் எத்தனையோ தரம் ஓடியது. முன்வரிசையில் வெள்ளைத்துணி போட்ட கதிரைகள் அப்போதும் வெறுமையாக இருந்தன. அந்தக் கதிரைகளுக்கு உரியவர்கள் எட்டரைக்கு வந்தார்கள். எட்டு நாற்பதுக்கு நிகழ்ச்சி தொடங்கியது. 2 மணி 40 நிமிடம். அதற்கு மன்னிப்பு என்ற சொல் மேடையில் ஒருதரமும் வரவில்லை.

நிகழ்ச்சி தொடங்கினபிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால், முதல் வயலின் எழும்பினபோது எனக்கு மேல் புல்லரித்தது. எங்கள் பிள்ளைகள் கதிரையில் இருக்கவேயில்லை. ஆனால் பத்தேகாலுக்குப் பிறகு நான் பாட்டுக் கேட்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரதித் தம்பியிடம் கெஞ்சி அரை மணித்தியாலம் கூட்டி வாங்கினோம். பதினொன்றுக்கு எழும்பினோம். வெளியே வந்து வானில் ஏறும்போது, மதிலுக்கு அப்பால் அந்தப் பாட்டின் முன்னிசை கேட்டது. அக்கா ஒரு காலை வான் படியில் வைத்தபடி நின்றுவிட்டார். ஒருவரும் கேட்காமலே சாரதித் தம்பி என்ஜினை நிற்பாட்டினார். பல்லவி முடியும்வரை பத்தொன்பது பேரும் றோட்டில் நின்றோம். சரணம் தொடங்க அக்காவே சொன்னார்: "போவம் தம்பி, பிள்ளையளுக்கு விடிய வேலை."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதுவரைக்கும் பேசவில்லை. எனக்குத்தான் தாங்கேலாமல் இருக்கிறது.

ஐயா, அம்மா, நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஆறு மணி என்று அடித்தால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். எட்டரைக்குத்தான் தொடங்குவீர்கள் என்றால் எட்டரை என்று அடியுங்கள். நாங்கள் அதற்கேற்ற மாதிரி வானும் பேசுவோம், லீவும் போடுவோம்.

நேரம் பிந்துவது சின்ன விசயம், எங்கும் நடப்பதுதான் என்று நீங்கள் நினைக்கக்கூடும். 2023 செப்ரெம்பர் 10 சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் நிகழ்ச்சியில் ரிக்கற் வைத்திருந்தவர்களே உள்ளே போகமுடியாமல் நெரிபட்டுத் திரும்பினார்கள். அங்கே ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ரகுமானே ரிக்கற் பிரதியை அனுப்பும்படி கேட்டு எழுதினார். 2024 பெப்ரவரி 9 யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த இசை நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அப்போது வடக்குச் சனத்துக்கு ஒழுங்கு தெரியாது என்று எத்தனை பேர் எழுதினார்கள்! ஒழுங்கைச் சனத்திடம் மட்டும் கேட்பது என்ன நியாயம்? குறித்த நேரத்தை மதிக்காமல் மணிக்கணக்காக ஆயிரக்கணக்கான ஆக்களை நிற்க வைப்பதும் ஒழுங்கீனம்தான்.

எங்களுக்கு நேரத்தின் அருமையை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2002இல் ஏ9 வீதி திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்ட்டில் அடைக்கும்வரை, ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் பாதை மூடுகிற நேரத்தை மனப்பாடமாக வைத்திருந்து ஓடின சனம் நாங்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் அன்றிரவு எங்கே படுப்பது என்று தெரியாது. அந்தப் பழக்கம் எங்கள் உடம்பில் இருக்கிறது. நாலு மணிக்கே வந்து வாசலில் நின்றவர்கள் யார் என்று உங்கள் தொண்டர்களைக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப்பேர் தூரத்து ஆக்கள். கிட்ட இருக்கிறவர்கள் ஏழரைக்கு ஆறுதலாக வந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. பிந்தின ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு கட்டினவர்கள் நாங்கள்தான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. அறிவிப்பாளர் மேடையில் யாழ்ப்பாணத்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு, சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று ஒரு சொல் வரவில்லை. சுவரொட்டியில் "வடக்கு மக்களுக்காக" என்று போடுகிறீர்கள். வடக்கு ஆனையிறவோடு முடிந்துவிடுகிறதா? போரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எல்லோருக்கும் வன்னி ஞாபகம் வருகிறது. தேர்தல் வந்தால் ஞாபகம் வருகிறது. ஒரு சந்தோசத்துக்கு எங்களை ஞாபகம் வைத்திருக்க ஒருவரும் இல்லையா? எங்களைப் பார்த்து அழ வருகிறவர்கள் கனபேர். நாங்களும் கைதட்டிச் சிரித்துப் பாட்டுக் கேட்கிற சனம்தான் என்று நினைக்கிறவர்கள் குறைவு. கிளிநொச்சியில் ஒரு நிகழ்ச்சி வைத்தால் பரந்தன் சந்தியால் முல்லைத்தீவும், பூநகரியால் மன்னார்க் கரையும், ஏ9ஆல் வவுனியாவும் வந்துசேரும். அதை ஒருநாள் ஆறுதலாக இருந்து பேச வேண்டும்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய இசைக்குழுவை இங்கே கொண்டுவருவது லேசான வேலையில்லை என்பது எனக்குத் தெரியும். விசா, விமானம், தங்குமிடம், ஒலி, ஒளி, ஜெனரேற்றர் என்று எவ்வளவு காசு புரள வேண்டும், அனுசரணை இல்லாமல் இது நடக்காது என்பதும் தெரியும். அவர்களுக்கு மரியாதை செய்யுங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் அதை முடித்துவிடுங்கள், நாங்களும் கைதட்டுவோம். முன்வரிசைக்காரர் பிந்தினால் பாட்டுக்கு நடுவே வந்து இருக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு எவ்வளவு பெரிய ஆக்கள் வந்தாலும் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நேரம் அவர்களுக்காக மாறுவதில்லை. அந்த நாளில் சனம் வந்து திரும்ப விசேட பஸ்களும் ஓடுகின்றன. நிகழ்ச்சி முடியும் நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்தால், பரந்தன் வழியாக ஒரு பிந்திய பஸ்ஸுக்கு நாங்களே போக்குவரத்துச் சபையிடம் போய்க் கேட்போம். அந்த அலைச்சலை உங்கள் தலையில் கட்டமாட்டோம்.

தொடங்குகிற நேரமும் முடிகிற நேரமும் ரிக்கற்றில் அச்சாக வேண்டும். அச்சான நேரத்துக்குத் தொடங்க வேண்டும். இதைத்தான் பணிவோடு திரும்பவும் கேட்கிறேன்.

எங்கள் குழுவில் மறுபடியும் குரல்பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. கடலுக்குப் போகிற தம்பி இந்த முறை புல்லாங்குழல் பகுதியைப் பாடி அனுப்பியிருக்கிறார். பத்தொன்பது பேரும் வருவதென்றுதான் நிற்கிறார்கள். அக்கா "பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

ரிக்கற் விற்பனை தொடங்குவதற்கு முன்பு தயவுசெய்து பதில் போடுங்கள். இரவு எத்தனை மணிக்குத் திரும்புவதென்று வான்காரத் தம்பி கேட்கிறார். நான் அவருக்கு ஒரு நேரம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
விசுவமடுவிலிருந்து ஒரு ரசிகை