பவனிக்கு நெருப்பு தந்தவருக்கு நன்றி

தாராவி, மும்பை

அன்புள்ள பங்கு மக்களே,

ஞாயிறு மாலை நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருமே நனைந்தவர்கள்தான். கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவுக்காக, ஆண்டவரின் உடலான அப்பத்தை ஏந்தித் தெருவில் போகும் நற்கருணைப் பவனி பாதியில் நிற்காமல் கோவில் வந்து சேர்ந்ததே, இயேசுவுக்கே புகழ்!

காற்றில் விதானக் கம்புகளை விடாமல் பிடித்த தம்பிகள், தொண்ணூறு அடி சாலையில் வண்டிகளை நிறுத்திக்கொடுத்த காவலர்கள், கொட்டுகிற மழையிலும் ஜெபமாலையை விடாத மரியாயின் சேனைப் பாட்டிமார், மைக்கைத் துடைத்துத் துடைத்தே ஓய்ந்துபோனவர் எல்லாருக்கும் நன்றி.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது சந்து முனையில் இஸ்திரி போடும் அண்ணனுக்காக. அங்கே வரும்போது தூபக்கலசத்தில் கரி அணைந்துவிட்டது. பீடச்சிறுவன் ஊதி ஊதிப் பார்த்தான், சாம்பல்தான் பறந்தது. தார்ப்பாய்க்குக் கீழே சட்டை தேய்த்துக்கொண்டிருந்தவர், "க்யா ஹுவா?" (என்ன ஆச்சு?) என்றார். பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியின் மூடியைத் திறந்து, கனன்றுகொண்டிருந்த கரியை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கலசத்தில் போட்டார். சாம்பிராணியைத் தூவியதும் குப்பென்று புகை கிளம்பியது. பெட்டியில் மிஞ்சியது சாம்பல். நற்கருணையை வைத்து ஏந்தி வரும் கதிர்ப்பாத்திரம் கடந்து போகும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நம் கோவிலுக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

1264-இல் திருத்தந்தை நான்காம் உர்பான் இந்தப் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். அந்த ஆணையில் பவனி பற்றிப் பேச்சே இல்லை. ஆண்டவரைத் தெருவுக்கு அழைத்து வரும் வழக்கம் அப்புறம் வளர்ந்ததுதான். மழைக்காலத்தில் கோவில் வளாகத்துக்குள்ளேயே சுற்றி முடித்துவிடலாம் என்று நம்மில் சிலர் வருடாவருடம் சொல்கிறோம். வளாகத்துக்குள் சுற்றினால் நமக்கு நாமே காட்டிக்கொள்வதுதான் மிச்சம். பூசைக்கு வர முடியாமல் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருக்கும் பெரியவருக்கும், ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கும் இஸ்திரி அண்ணனைப் போன்றவருக்கும் ஆண்டவர் எதிரே வருவது அந்த ஒரு மாலைதான். அடுத்த வருடக் கூட்டத்தில் அந்தச் சந்து வழியாகவே பவனி போக வேண்டும் என்று கேட்பேன். அந்த அண்ணனின் இஸ்திரி மேசை அருகே நின்று நற்கருணை ஆசீர் கொடுக்கவும் சாமியாரிடம் கேட்பேன்.

இன்னொன்று. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போட வேண்டிய சட்டை நேரத்துக்குக் கைக்கு வரவில்லை என்றால் தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். அந்தக் கரியை வாங்கிக்கொண்டு போனது நாம்தான்.

இப்படிக்கு,
பவனிக் குழுவில் ஒருவன்