கொல்லையில் பந்தி: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

நம் சாப்பாட்டுக் கடைக்கு வந்து போகும் எல்லோருக்கும் வணக்கம்.

கொல்லையில் மேசை நாற்காலி போட்டு இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் வாட்ஸ்அப்பில் கும்பகோணம் முழுக்க ஒரு பேச்சு சுற்றுகிறது. நேரில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காமலே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடை நடக்கும் வீடு உங்களுக்குத் தெரியாததில்லை. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அகலம் கிடையாது, நீளம்தான். திண்ணையை இடித்தாலும் நாலு பேருக்கு மேல் உட்கார முடியாது. முகூர்த்த நாளிலும், நவக்கிரகக் கோயில் வண்டிகள் வந்து இறங்கும் சனி ஞாயிறுகளிலும் நீங்கள் ரேழியில் டோக்கனோடு நின்றதைக் கல்லாவில் இருந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்து இடத்துக்குக் கேட்ட வாடகையைச் சொன்னால் உங்களுக்குக் காபி இறங்காது. பின்னாலோ உடைந்த ஆட்டுக்கல்லும் ஓட்டை அண்டாவும் புதருமாக அவ்வளவு இடம் சும்மா கிடந்தது.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன். "கக்கூஸ் இருந்த இடத்தில் சோறு போடுகிறான்" என்கிறார்கள். பழைய வீட்டில் பிறந்தவர்களுக்குக் கொல்லையின் வரிசை தெரியும். அடுக்களையைத் தாண்டினால் தாழ்வாரம், கிணற்றடி, துவைக்கிற கல். அப்புறம் மாட்டுக்கொட்டகை. அதற்கும் பின்னால் வேப்பமரம், வாழை, முருங்கை. எல்லாம் தாண்டிப் பின் சந்துப் பக்கத்துக் கோடியில்தான் அந்த நாலடி அறை இருந்தது. அதையும் அப்பா காலத்திலேயே இடித்தாயிற்று. அங்கே இப்போது ஜெனரேட்டர் நிற்கிறது. மேசைகள் கிணற்றடியில் தொடங்கி வேப்பமரத்தோடு முடிகின்றன. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மாடு கட்டின இடம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த மாட்டுப் பாலில்தான் தாத்தா உங்கள் அப்பாக்களுக்குக் காபி கலந்து கொடுத்தார். இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் எதுவும் சாப்பிடாமலே நேராகக் கொல்லைக்குப் போகலாம், வேப்பமரத்திலிருந்து கோடிச் சுவர் வரை அடி வைத்து அளந்தும் பார்க்கலாம். இதைக் கிளப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். நம் கணக்கு நோட்டில் அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கீற்றுக்கொட்டகை போட்டிருந்தால் குளுமையாக இருக்குமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 2004 ஜூலை 16-ல் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அதற்கப்புறம் அடுப்புக்குப் பக்கத்தில் கீற்று ஏற்ற எனக்குக் கை வரவில்லை. தகரம் மலிவுதான், ஆனால் அக்னி நட்சத்திரத்தில் அதன் கீழ் உங்களை உட்கார வைக்க முடியாது. அதனால் ஒரு பக்கம் மங்களூர் ஓடு, மறுபக்கம் மர நிழல். தரைக்கும் கடப்பாக் கல் வேண்டாம் என்றுவிட்டேன், வெயிலில் கால் பொசுங்கும். மணல் பரப்பிச் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கியிருப்பதால் மழைத்தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்பதால் பூந்தொட்டிகளுக்கு அடித்தட்டு வைக்கவில்லை. கிணற்றுக்கும் வலை போட்டாயிற்று.

போன வாரம் ஒருவர் தயிர்சாதத்தில் வேப்பம்பூ விழுந்தது என்று சண்டைக்கு வந்தார். சித்திரையில் வேப்பமரம் வேறு எதை உதிர்க்கும்? இருந்தாலும் மேலே வலை கட்டிவிட்டோம். முழு இலை போட்டால் காற்றில் சாம்பாரோடு மடங்குகிறது. டம்ளரை ஓரத்தில் பாரம் வைத்துப் பார்த்தோம், அப்படியும் ஒரு வெள்ளை வேட்டியில் ரசம் இறங்கியது. இப்போது தோட்டத்தில் மட்டும் தட்டில் வட்டமாக நறுக்கிய இலை போட்டுப் பரிமாறுகிறோம்.

"மரத்தடிக்கு என்ன வரி?" என்று பில்லைப் பார்த்துக் கேட்கிறவர்களுக்கு: 2017 ஜூலையில் ஏசி இருந்தால் 18, இல்லாவிட்டால் 12 என்று இருந்தது. அதே வருடம் நவம்பரிலிருந்து இரண்டுக்கும் 5 சதவீதம்தான். உள்ளே உட்கார்ந்தாலும் வெளியே உட்கார்ந்தாலும் பில் ஒன்றுதான். ஓட்டுக்கும் மின்விசிறிக்கும் நான் கட்டிய ஜிஎஸ்டியை அந்த 5-ல் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

கொரோனா ஊரடங்கில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து வாசலிலேயே வாங்கிக்கொண்டு போனீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். மீதிச் சில்லறையை வாங்காமல் போனவர்கள் உண்டு. "நாளைக்கும் திறப்பாயா?" என்று அதட்டிக் கேட்டுவிட்டுப் போன மாமிகள் உண்டு. அன்றைக்கு நீங்கள் வராமல் இருந்திருந்தால் கொல்லையும் இல்லை, கடையும் இல்லை. என் வணக்கம் முதலில் உங்களுக்குத்தான்.

பரிமாறுகிறவர்களில் இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். கடை சிலிண்டர் விலையும் உங்களுக்குத் தெரியும். மதியம் இனி அளவுச் சாப்பாடு, காபிக்கு ஐந்து ரூபாய் கூடுதல்.

தோட்டம் மாலை ஐந்தரையிலிருந்து இரவு பத்து வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறக்க மாட்டோம். ரேழியிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் நாலு நிலைப்படி தாண்ட வேண்டும் என்பதால், கைத்தடி ஊன்றி வருகிறவர்கள் பின் சந்துக் கதவில் மணி அடித்தால் போதும், பையன் வந்து திறப்பான்.

இப்படிக்கு,
கல்லாவில் இருப்பவன்