அவசரப்பட்ட ஆறுதல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நலமாக இருக்கிறேன். "நீங்கள் ஆறுதல் சொல்ல அவசரப்படுகிறீர்கள்" என்று கவுன்சலிங்கில் உன்னை வழிநடத்தும் சூப்பர்வைசர் சொன்னது உன்னை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்பது உன் கடிதத்திலேயே தெரிந்தது. உடனே போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். பேசியிருந்தால் நானும் ஆறுதல் சொல்லத்தான் முந்தியிருப்பேன்.

நான் கவுன்சலிங்குக்கு வந்த புதிதில் நடந்த ஒன்றை உன்னிடம் சொன்னதில்லை. ஆள் தெரியாதபடி சொல்கிறேன். ஓர் இளம்பெண் வந்தாள். ஜெபிக்க உட்கார்ந்தால் மனதில் தேவதூஷணமான வார்த்தைகள் ஓடுகின்றன, மன்னிப்பே இல்லாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயம். "ஆன்ட்டி, ஆண்டவர் என்னை மன்னிப்பாரா?" என்று கேட்டாள். நான் வேதாகமத்தைத் திறந்து, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐக் காட்டினேன். அவள் முகம் தெளிந்தது. எனக்கும் மனம் நிறைந்துபோனது.

அடுத்த வாரம் அதே கேள்வி. வேறொரு வசனம் கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும் அதே கேள்விதான். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். நான் சொன்ன வசனங்கள் எல்லாம் தேதியோடு இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சில் கோடுகள். என்னம்மா இது என்று கேட்டேன். அன்றைக்குப் பயம் அடங்க அந்த வசனத்தை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்ற கணக்காம். முதல் பக்கத்தில் மூன்று கோடு. கடைசிப் பக்கத்தில் கோட்டின் மேல் கோடு விழுந்து தாளே கறுத்திருந்தது.

அந்த நோட்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. என் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வசனம் சரி. அது அவளுக்குள் என்ன வேலை செய்கிறது?"

அப்போதுதான் ஸ்க்ரூபுலாசிட்டி பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி என்கிறோமே, அது பக்தியைப் பிடித்துக்கொள்ளும்போது இப்படி ஆகிறது. ஸ்க்ரூபுலாசிட்டி என்ற சொல்லின் வேர் லத்தீனில் கூரான சிறு கல்லைக் குறிக்கும். செருப்புக்குள் கல் சிக்கியவன் எப்படி நடப்பான் என்று யோசித்துப் பார். மார்ட்டின் லூத்தர்கூட இளம் துறவியாக இருந்தபோது தன் குரு ஸ்டவுப்பிட்ஸிடம் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தவர்தான். வேண்டாத எண்ணம் எல்லோருக்கும் வரும். இவர்களுக்கு அது ஆபத்தாகத் தெரியும், பதறுவார்கள், உறுதி தேடுவார்கள். உறுதி கிடைத்ததும் பதற்றம் குறையும். அந்த நிம்மதிதான் சிக்கல். அடுத்த தடவையும் உறுதி கிடைத்தால்தான் தப்பிக்கலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. வாரா வாரம் நான் கொடுத்த ஆறுதல் அவளுடைய நோய்க்குத் தீனியாகியிருந்தது, கண்ணா. அன்பினால்தான் கொடுத்தேன். ஆனாலும் தீனிதான்.

இதற்கான சிகிச்சையை 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டினார். பயத்துக்கு முன்னால் நிற்க வைத்து, அதைத் தணிக்கும் சடங்கைச் செய்யவிடாமல் கூடவே இருப்பது. அதில் எனக்கு அப்போது பயிற்சி கிடையாது. அதனால் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அவளை அனுப்பினேன். மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். அவளுடைய அனுமதியோடு போதகரிடமும் பேசினோம். அவளைப் பாவம் செய்யச் சொல்லப்போகிறோமோ என்று அவர் பயந்தார். அப்படி இல்லை, ஒரே அறிக்கையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்கத்தான் பழக்குகிறோம் என்று விளக்கியதும் கூடவே நின்றார். அவள் என்னிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, "இன்றைக்கு இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை, பதில் இல்லாமலே என்னோடு கொஞ்ச நேரம் உட்கார முடியுமா?" என்றேன். அவள் அழுதாள். வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கியதுபோலக் கஷ்டமான காரியம் இந்தத் தொழிலில் நான் வேறெதுவும் செய்ததில்லை.

பல மாதம் கழித்து ஒரு நாள் சொன்னாள்: "ஆன்ட்டி, நேற்று ஒரே ஒரு தடவை ஆமென் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்."

உளவியல் படிக்கப் படிக்க விசுவாசம் மெலிந்துபோகிறதோ என்று கேட்டிருந்தாய். எனக்கு அப்படி ஆகவில்லை. கணக்குப் பார்க்காமல் கிருபையின்மேல் சாய்வது என்றால் என்ன என்று அவள் ஆமென் சொல்லி எழுந்த அன்றுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது. கார்ல் ரோஜர்ஸ் இறையியல் கல்லூரியில் படிக்கப் போய், அங்கிருந்து உளவியலுக்கு வந்தவர். மனிதனுக்குத் தன் அனுபவமே கடைசி அளவுகோல் என்பதுபோல அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் எதிரில் இருப்பவரைத் தீர்ப்பிடாமல், அவர் உலகத்துக்குள் போய்க் கேட்பதை அவரிடம்தான் கற்றேன். காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 அதற்கு முன்பே சொல்லியிருக்கிறது. வசனம் எனக்கு மனப்பாடம். அதன்படி எப்படி உட்காருவது என்பதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வசனத்தை விட்டுவிட்டு இப்போது, மனதில் ஓடும் எண்ணத்தை எழுதி அதற்கு ஆதாரம் உண்டா என்று சோதிக்கும் எண்ணப் பதிவுத் தாளை நீட்டுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். மனநல மருத்துவர் ஆரோன் பெக் கொடுத்த கருவி நல்ல கருவிதான். ஆனால் மகனை இழந்து மூன்றே வாரமான ஒரு தகப்பனிடம் "இந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உன் சூப்பர்வைசர் இதைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவரை விட்டுவிடாதே.

கிளையண்ட் சம்மதித்தால் ஒரு அமர்வைப் பதிவு செய். அதில் பத்து நிமிடத்தை மட்டும், அவர் பேசியது, நீ பேசியது, நடுவில் இருந்த மௌனம் எத்தனை நொடி என்பதோடு கையால் எழுது. மௌனத்தை உடைத்தது யார் என்று பார். சூப்பர்விஷனுக்கு அதை எடுத்துக்கொண்டு போ. ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன், அப்போது கூப்பிடு. அந்தப் பதிவில் உள்ளதை என்னிடம் சொல்லாதே, அது அந்த மனிதருடையது. எழுதும்போது உனக்கு எங்கே வலித்தது என்று மட்டும் சொல்.

உனக்காக ஜெபிக்கும்
அம்மா