பெயரா, வசதியா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். உன் முதுகுவலி மட்டும் இன்னும் விடவில்லை என்பது கவலையாக இருக்கிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் வேறு வேலைக்கு மாறிவிட்டான். சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கிறான், எங்களுக்கு அது போதும். என் கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. இப்போது இரவில் வண்டி ஓட்டப் பயமில்லை.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய ஒரே பணத்துக்கு இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறாய். ஒன்று, மூன்று முனை நட்சத்திரம் போட்ட ஜெர்மன் காரான மெர்சிடிஸ் பென்ஸில், வசதிகள் குறைந்த பேஸ் மாடல். மற்றது, கொரியக் கம்பெனியின், எல்லா வசதியும் உள்ள டாப் மாடல். மனசு நட்சத்திரத்தை விடமாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தாய். என்னைக் கேட்டால் கொரியக் காரையே வாங்கு என்பேன். ஆனால் நீ பட்டியல் போட்டிருக்கும் காரணங்களுக்காக இல்லை.

அந்த நட்சத்திரம் சும்மா பேர் வாங்கவில்லை. 1886-ல் கார்ல் பென்ஸ் பேட்டன்ட் வாங்கியதிலிருந்து வரும் பரம்பரை அது. மோதும்போது முன்பக்கம் மடங்கி அடியைத் தாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றும் அமைப்பை பேலா பாரெனி என்ற பொறியாளர் யோசித்தார். 1959-ல் அவர்கள் காரில் அது வந்தது. அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், போஷ் கம்பெனியோடு சேர்ந்து செய்தது, 1978-ல் வந்தது. 1981-ல் ஏர்பேக். வழுக்கும் ரோட்டில் வண்டி சுற்றிவிடாமல் பிடிக்கும் ஈஎஸ்பி 1995-ல். இந்த மூன்றும் முதலில் எதில் வந்தன என்று பார். எல்லாமே எஸ் கிளாஸில், அந்தக் கம்பெனியின் உச்சியில் இருந்த காரில். பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கார். நீ வாங்கப் போவது அதே வீட்டின் கடைசிப் படி.

கடைசிப் படிக்கு எல்லாம் தானாக இறங்கி வந்துவிடாது. 1997-ல் ஏ கிளாஸ் என்ற சின்னக் காரைக் கொண்டுவந்தார்கள். ஸ்வீடனில் ஒரு பத்திரிகையைச் சேர்ந்தவர்கள், திடீரென்று குறுக்கே வரும் மிருகத்துக்கு ஒதுங்குவதுபோல ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தபோது அது கவிழ்ந்தே போயிற்று. கம்பெனி விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, ஈஎஸ்பியை எல்லா ஏ கிளாஸிலும் சேர்த்துக் கொடுத்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பானட்டில் இருந்த நட்சத்திரம் முதல் நாளிலேயே அந்த வேலையைச் செய்துவிடவில்லை. பின்னாளில் ஏ கிளாஸின் சில டீசல் மாடல்களில் ஓடியதும் பிரெஞ்சுக் கம்பெனியான ரெனோவின் 1.5 லிட்டர் இன்ஜின்தான். இதில் தப்பு ஒன்றுமில்லை. லோகோவுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

கொரியக்காரர்களைப் பற்றியும் நம் வயதுக்காரர்களுக்குப் பழைய எண்ணம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஆடி, ஃபோக்ஸ்வாகன் கம்பெனிகளில் டிசைன் செய்த பீட்டர் ஷ்ரையரை 2006-ல் கியா அழைத்துக்கொண்டது. பிஎம்டபிள்யூவின் எம் என்ற வேகக் கார்களைச் செதுக்கிய ஆல்பர்ட் பீர்மனை 2015-ல் ஹூண்டாய் அழைத்துக்கொண்டது. ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

உன் பட்டியலுக்கு வருகிறேன். பெரிய திரை, கண்ணாடிக் கூரை, கதவோரம் நிறம் மாறும் விளக்கு என்று எழுதியிருக்கிறாய். இதற்காக ஒரு காரை வாங்காதே. ஏசியைக் குறைப்பதற்குக்கூடத் திரையில் விரலால் தேடுகிற காரில், ஒவ்வொரு தடவையும் கண் ரோட்டை விட்டு விலகுகிறது. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்கு நிஜமான பொத்தானோ நெம்புகோலோ இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கிறது. ஷோரூமில் பாதுகாப்புக்கு அவர்களிடம் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார் என்றால், எந்த வருடத்து நட்சத்திரம் என்று கேள். சோதனை சில வருடங்களுக்கு ஒருமுறை கடினமாகிக்கொண்டே போவதால், ஆறு வருடம் கழித்து அவர்களே அதைக் காலாவதி என்று போட்டுவிடுகிறார்கள்.

நீ பார்க்க வேண்டியது சீட். உன் முதுகு இருக்கிற நிலையில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. என் சகலை வைத்திருப்பது நீ சொல்கிற மாதிரிப் பேர் பெற்ற காரின் பேஸ் மாடல்தான், போன மாதம் அதை ஓட்டினேன். இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் பகுதியை முன்னே தள்ளலாம் என்று சீட்டின் பக்கவாட்டில் விரலை விட்டேன். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் மூடி. கியருக்குப் பக்கத்திலும் அதேபோல் மூன்று மூடிகள். கதவு சாத்தும் சத்தம் அருமை, வேகத்தில் வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போவது அதைவிட அருமை. அதையெல்லாம் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்தில் எனக்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. உனக்கு என்ன ஆகியிருக்கும்?

அடுத்தது ஹெட்லைட், அதற்கப்புறம் தானாகப் பிரேக் போடும் வசதி. மழை இரவில் நல்ல எல்இடி விளக்கு ரோட்டின் ஓரத்தில் நடந்து போகிற ஆளை முன்னதாகவே காட்டிவிடும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இது எனக்கு நன்றாகவே புரிகிறது. இந்த இரண்டும் கொரியக் காரின் விலையிலேயே அடங்கியிருக்கின்றன. நட்சத்திரக் காரில் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஜெர்மன் காரில் ரன் பிளாட் டயர் போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், ஆனால் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் குழியில் இறங்கினால் அடி முதுகுக்குத்தான் வரும். இன்னொன்று, காரில்தான் பேஸ் மாடல் உண்டு, சர்வீஸ் பில்லில் கிடையாது. வாரண்டி முடிந்த பிறகு ஒரு சென்சார் போனாலும் பெரிய பேருக்கு உள்ள விலையைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

உன் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாஸ்டல் அறையில் கட்டிலுக்கு மேலே அந்தக் காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் நீ. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது எஸ் கிளாஸ். தனியாக, நெடுஞ்சாலையில், ஓட்டுகிற சுகத்துக்காகவே ஓட்டுகிறவனாக நீ இருந்தால், ஜெர்மன் காரையே வாங்கு என்று நானே சொல்வேன். நீ ஓட்டப் போவதோ பேத்தியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு. நட்சத்திரம் வேண்டும் என்றே மனசு அடம்பிடித்தால், அதே கம்பெனியில் ஒரு படி மேலே உள்ள காரை, இரண்டு மூன்று வருடம் ஓடியதாக, சர்வீஸ் விவரம் முழுதாக இருப்பதாகப் பார். முதல் சில வருடங்களில் விலை இறங்கும் பெரும் பகுதியை முதல் ஆள் தாங்கியிருப்பார். செலவு மட்டும் பெரிய காரின் செலவாகவே இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் பத்து நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்பார். விடாதே. ஒரு மணி நேரம் கேள், இருட்டின பிறகு கேள். இரண்டு காரையும் ஒரே மோசமான ரோட்டில் ஓட்டு. தங்கச்சியைப் பின்சீட்டில் உட்காரச் சொல், பேத்தியின் சீட்டையும் கொண்டுபோய் மாட்டிப் பார். மறுநாள் காலையில் எழுந்ததும் முதுகு எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுது. எந்தக் காரில் போனாய் என்பதை முதலில் சொல்லாதே, நான் கண்டுபிடிக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறை நண்பன்