செயலாளர் ஆண்டறிக்கை: 2025 ஏப்ரல் – 2026 மார்ச்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, வாசகர் வட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. புத்தக அலமாரிக்குக் கதவு போட்டாயிற்று. மின்விசிறி இரண்டில் ஒன்று இன்னும் ஓடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது சனிக்கிழமை மாலை அரசமைப்புச் சட்ட வகுப்பைப் பற்றித்தான்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி மார்ச் கடைசியிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டோம். தேர்வு முடித்த பிளஸ் டூ பிள்ளைகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வந்தார்கள். முகவுரை நடத்தினோம். இரண்டாம் வாரமே பாதி நாற்காலி காலி. நம் வக்கீல் உறுப்பினர்தான், "அந்தந்த வாரப் பேப்பரை மேசையில் போடுங்கள், அதிலிருந்து சட்டத்துக்குப் போவோம்" என்றார்.

அந்த வாரம் பார்த்து, ஏப்ரல் 8 அன்று, தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரவை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களுக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் உறுப்பைப் பயன்படுத்தி, ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது இரு நீதிபதிகள் அமர்வு. மசோதாவில் முடிவெடுக்க ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுவும் வைத்தது. மசோதா வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்று சொல்லும் 200-ஆம் உறுப்பைப் பிள்ளைகள் தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தார்கள். மசோதாவைத் திருப்பி அனுப்புவதானால் இயன்ற விரைவில் என்றுதான் அதில் இருக்கிறது. நாள் கணக்கு எதுவும் இல்லை. அப்படியானால் கெடு எங்கிருந்து வந்தது என்பதிலேயே இரண்டு சனிக்கிழமை போயிற்று. பச்சை ஸ்கெட்ச் பேனாவில் கெடு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

நவம்பர் 20 அன்று அந்த அட்டவணை கவிழ்ந்தது. குடியரசுத் தலைவர் 143-ஆம் உறுப்பின் கீழ் கருத்துரை கேட்டு அனுப்பிய 14 கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாகக் கொள்வதும் கூடாது, ஆனால் காரணமின்றி நெடுங்காலம் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று மட்டும் உத்தரவிடலாம். சனிக்கிழமை வந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஏப்ரல்ல சொன்னதை எழுதினா மார்க் வருமா, வராதா?" எனக்குப் பதில் வரவில்லை. அட்டவணையைக் கிழிக்கப் போனேன்; வக்கீல் தடுத்துவிட்டார். இப்போது அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடும் நவம்பர் தேதியும் இருக்கின்றன. தீர்ப்புக்கும் கருத்துரைக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் நடத்தியது அந்தச் சிவப்புக் கோட்டை வைத்துத்தான். அன்றிலிருந்து நோட்டில் ஒட்டும் ஒவ்வொரு பேப்பர்த் துணுக்கின் மேலும் தேதி எழுதியாக வேண்டும் என்பது விதி.

ஜூலையில் குடியரசுத் துணைத் தலைவர் ராஜினாமா செய்தபோது, கடிதத்தை யாரிடம் கொடுப்பார் என்று கேட்டோம். யாரும் சொல்லவில்லை. 67-ஆம் உறுப்பு சொல்கிறது: குடியரசுத் தலைவரிடம். குடியரசுத் தலைவர் விலகினால்? துணைத் தலைவரிடம். இந்தக் கொடுக்கல் வாங்கல் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. செப்டம்பரில் திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் வென்றதும், நம் எம்.எல்.ஏ. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று ஒரு பையன் கேட்டான். அந்தத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டே இல்லை என்பது அங்கிருந்த உறுப்பினர்கள் சிலருக்கும் புதுச் செய்தி. பெயர் சொல்லவில்லை.

அதிகக் கூட்டம் வந்தது தெருநாய் வழக்குக்கு. ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவை, 22-ஆம் தேதி மூவர் அமர்வு மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்றது. ஒரு பக்கம் 21-ஆம் உறுப்பு, உயிர் வாழும் உரிமை. இன்னொரு பக்கம் 51அ, உயிர்களிடம் இரக்கம் காட்டும் கடமை. கடமையை மீறினால் வழக்குப் போடலாமா என்று கிளம்பிய சண்டை இரவு எட்டு மணி வரை நீடித்தது.

குறைகளும் உண்டு. படிப்பறைப் பேப்பரை ஒரு மாணவர் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டார்; பின்பக்கத்து ராசிபலனும் கூடவே போனதில் பெரியவர்கள் கொதித்துவிட்டார்கள். நூலகரிடம் நானே மன்னிப்புக் கேட்டேன். பழைய பேப்பரை எடைக்குப் போடாமல் உறுப்பினர்கள் இங்கே தர வேண்டும். நூலகத்துக்குள் அரசியல் வருகிறது என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுத்துமூலம் ஆட்சேபித்தார். அதை மதித்து, முதல் அரை மணி நேரம் சட்ட வாசகம் மட்டுமே, கட்சிப் பெயர் வாயில் வரக்கூடாது என்று வைத்தோம். பல வாரம் அது நிற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இன்னொரு தொல்லை: ஆங்கிலத்தில் 'ஆர்ட்டிகிள்' என்பதை நாளிதழ் 'பிரிவு' என்கிறது, அரசின் தமிழ்ப் பதிப்பு 'உறுப்பு' என்கிறது. அந்தத் தமிழ்ப் பதிப்பில் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் அட்டை கழன்றது. மேலும் மூன்று பிரதிகள் வாங்க அனுமதி வேண்டும். வக்கீல் உறுப்பினருக்குக் கண் அறுவை சிகிச்சை இருப்பதால், ஜூன் வரை வகுப்பை ஏற்க ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்