முடிவுரையில் எப்போதும் மரம்தான் நட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு 8 மதிப்பெண். முன்னுரையும் உட்தலைப்புகளும் ஓரளவு தேறிவிடுகின்றன, சறுக்குவது முடிவுரையில்தான். சுற்றுச்சூழல் பற்றி எந்தத் தலைப்பு வந்தாலும் ‘ஆளுக்கொரு மரம் நடுவோம், இயற்கையைக் காப்போம்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நீலகிரியில் இது வேடிக்கையாகவே ஆகிவிடுகிறது. வெளிநாட்டு மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டதைப் பொருளுரையில் அழகாக விளக்கும் மாணவர், கடைசி வரியில் மரம் நடச் சொல்கிறார்! கைடுகளில் இருக்கும் பொது முடிவுரையை மனப்பாடம் செய்வதால் வரும் கோளாறு இது.

வகுப்பில் ஒரு சோதனை வைக்கலாம். மற்றதை எல்லாம் மறைத்து, முடிவுரையை மட்டும் பக்கத்து மாணவர் படிக்கட்டும். கட்டுரையின் தலைப்பை அவரால் சொல்ல முடியவில்லை என்றால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

எழுதும் முறையும் கடினமல்ல. 30 வரிக் கட்டுரைக்கு மூன்று, நான்கு வரி போதும். பொருளுரையின் வலுவான இரண்டு கருத்துகளைக் காரணமும் விளைவுமாக இணைப்பது முதல் வரி. ‘அதனால் என்ன?’ என்ற கேள்விக்கு விடை அடுத்த வரி. யார், எங்கே, எதைச் செய்யலாம் என்பது கடைசி. சீகை பற்றிய கட்டுரை இப்படி முடியலாம்: ‘புல்வெளி சுருங்கிய சரிவில் ஓடையும் மெலிகிறது. ஆகவே இங்கே முதல் வேலை நடுவதல்ல, அகற்றுவது. சீகையை வெட்டிய இடத்தில் மீண்டும் முளைக்கும் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க, வனத்துறைக்குப் பள்ளிப் பசுமைப்படைகள் கைகொடுக்கலாம்.’

‘இவ்வாறாக’, ‘எனவே’ என்று தொடங்குவதில் தவறில்லை. அதன் பின் முன்னுரையையே திரும்ப எழுதுவதுதான் தவறு. புதிய புள்ளிவிவரம் முடிவுரையில் எட்டிப் பார்த்தால், அதைப் பொருளுரைக்கு அனுப்ப வேண்டும். குறளை மேற்கோளாகத் தந்து அப்படியே நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டுரைக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று சொந்தமாக ஒரு வரி வேண்டும்.

நேரம் போதாமையும் பெரிய காரணம். கட்டுரைக்கு 25 நிமிடம் ஒதுக்கினால் கடைசி 4 நிமிடம் முடிவுரைக்கு. குறிப்புச் சட்டகம் போடும்போதே, அந்த ‘அதனால் என்ன?’ வரியைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைக்கச் சொல்லலாம். மணி அடிக்கும் நேரத்திலும் அதை எழுதிவிட முடியும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் இருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.